சிஏ 125 கூடினால் கான்சரா? மியூசின் புரதங்கள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

பாலைமரம் எழுதியது:

வணக்கம். நாங்கள் விசுவமடுப் பக்கம். அம்மாவுக்கு 59 வயது. கொஞ்ச நாளாக வயிறு ஊதின மாதிரி இருக்கு என்கிறார், நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்று கோப்பையைத் தள்ளிவிடுகிறார், அடிக்கடி சலம் கழிக்கவும் போகிறார். வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் அவித்துக் கொடுத்தோம், குறையவில்லை. அப்புறம் டவுனில் ஒரு பிரைவேட் லாப்பில் முழு உடல் பரிசோதனை என்று ஒரு பக்கேஜ் போட்டிருந்தார்கள், அதைச் செய்தோம். சீனி, கொழுப்பு எல்லாம் சரி. சிஏ 125 என்ற ஒன்று மட்டும் 61 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது, பக்கத்தில் 35க்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. கேட்டால் டொக்டரிடம் காட்டுங்கோ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு முழுக்க ஃபோனில் தேடினேன். அது மியூசின் என்ற புரதமாம், புற்றுநோய் வளருகிறதற்கு மியூசின் உதவுகிறதாம். கனடாவில் இருக்கிற மாமா, உடம்பில் சளி கூடினால்தான் கான்சர் வரும், பாலையும் தயிரையும் நிற்பாட்டு என்கிறார். மியூசின் கூடினதால் கான்சர் வருமா, இல்லை கான்சர் வந்ததால் மியூசின் கூடுமா? அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மருதங்குளம் எழுதியது:

பிள்ளை, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், விளக்கத்தை மற்றவர்கள் எழுதட்டும். நான் தாதியாக வேலை செய்கிறவள்.

அந்த 61ஐ விட நீங்கள் எழுதின மூன்று குறிகள்தான் எனக்கு முக்கியம். மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்குப் புதிதாக வயிறு ஊதுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்புகிறது, அடிக்கடி சலம் போகிறது, இது வாரக்கணக்காக நிற்கிறது என்றால், சிஏ 125 வெறும் 10 என்று வந்திருந்தாலும் சூலகத்தை ஸ்கான் செய்து பார்க்கத்தான் வேண்டும். ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஓபிடியில் இந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கோ, வெறும் "வயித்துக் குத்து" என்று சொன்னால் கஸ்ரிக் குளிசையோடு அனுப்பிவிடுவார்கள். விஓஜி, அதாவது பெண்நோயியல் நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கோ. ஸ்கானுக்கு நாள் தள்ளிக் கொடுத்தால், வயது 59 என்பதையும் சிஏ 125 கூடி இருப்பதையும் சொல்லி முந்தின திகதி கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

பால், தயிருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஏற்கெனவே சாப்பாடு குறைந்திருக்கிற அம்மாவிடம் இருக்கிற சத்தையும் பறிக்காதீர்கள்.

அம்மாவிடம் மறைக்க வேண்டாம். கிளினிக்கில் கேள்வி கேட்பது அவரிடம்தான்.

நுணுக்குக்காட்டி எழுதியது:

அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கோ. நான் நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன், மியூசின் பற்றி நீங்கள் கேட்டதற்கு விளக்கமாக எழுதுகிறேன். இந்த மூலக்கூறு என்ன செய்கிறது என்று விளங்கினால்தான் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

சளிக்கு வழுவழுப்பைக் கொடுக்கிற புரதம்தான் மியூசின். நடுவில் மிக நீளமான ஒரு புரதச் சங்கிலி, அதில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். அந்தத் துண்டுகளில் செரீன், திரியோனீன் என்ற அமினோ அமிலங்கள் நிறைய இருக்கும், அவற்றில் வெல்லச் சங்கிலிகள் வரிசையாகக் கோர்த்துக்கொள்ளும். மொத்த எடையில் பாதிக்கு மேல் இந்த வெல்லங்கள்தான். அவை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வாய், மூச்சுக்குழாய், இரைப்பை, குடல், பால் கான், கருப்பை எல்லாவற்றின் உட்பக்கமும் காயாமல் இருக்கிறது. மனிதரில் ஏறத்தாழ 20 மியூசின் மரபணுக்கள் இருக்கின்றன. மக்1, மக்2 என்று எண் போட்டு அழைப்பார்கள். சில சுரந்து வெளியே போய் ஜெல்லாக நிற்பவை, குடலில் மக்2, இரைப்பையில் மக்5ஏசி போல. மற்றவை கலமென்சவ்வில் ஒரு கால் ஊன்றி, உடல் முழுவதையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவை. மக்1, மக்4, மக்16 இந்தக் கூட்டம். உங்கள் அம்மாவின் சிஏ 125 என்பது மக்16தான். 1981இல் ரொபேர்ட் பாஸ்ற் என்பவரும் அவருடைய குழுவும் சூலகப் புற்றுக் கலங்களுக்கு எதிராக ஒரு பிறபொருளெதிரி (அன்ரிபொடி) உருவாக்கினார்கள், அது பிடிக்கிற பொருளைத்தான் சிஏ 125 என்றார்கள். இருபது வருடம் கழித்து, 2001இல்தான் அது மக்16 என்ற மாபெரும் மியூசின் என்று தெரிந்தது. ஏறக்குறைய 22,000 அமினோ அமிலங்கள் கொண்டது, கலமேற்பரப்பில் நிற்கிற மியூசின்களில் இதுதான் மிகப் பெரியது.

சரி, புற்றுநோயில் என்ன நடக்கிறது? அதிகம் படிக்கப்பட்ட மக்1ஐ எடுப்போம். சாதாரண மார்பகக் கலத்தில் அது பால் கானைப் பார்த்த பக்கம் மட்டும்தான் இருக்கும், பக்கத்துக் கலத்தை ஒட்டுகிற பக்கங்களில் இருக்காது. புற்றாகும்போது கலத்துக்கு மேல் எது கீழ் எது என்ற ஒழுங்கு போய்விடும், மக்1 எல்லாப் பக்கமும் பரவிவிடும், அளவும் பல மடங்கு கூடும். தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் நிற்க வேண்டிய வேலி, வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் முளைத்து அறைகளுக்கு நடுவிலும் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கோ. மக்1 மேற்பரப்பிலிருந்து 200 முதல் 500 நனோமீற்றர் வரை உயர்ந்து நிற்கும். கலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளப் பயன்படும் புரதங்கள் அதைவிட மிகக் குட்டையானவை, அவற்றால் எட்டிப் பிடிக்க முடியாது. பிடி தளர்ந்த கலம் கழன்று போகும். கொல்ல வருகிற நிர்ப்பீடனக் கலமும் (நோயெதிர்ப்புக் கலம்) கிட்ட நெருங்க முடியாது.

அடுத்தது வெல்லங்கள். ஆரோக்கியமான கலத்தில் இந்த வெல்லச் சங்கிலி கிளைவிட்டு நீளமாக இருக்கும். புற்றுக் கலத்தில் அதைக் கட்டுகிற நொதியங்கள் ஒழுங்காக வேலை செய்யாமல் சங்கிலி ஓரிரு வெல்லத்தோடு நின்றுவிடும். ரிஎன், சியலைல் ரிஎன் என்று பெயர் சொல்லும் குறுகிய வடிவங்கள் இவைதான். சில புற்றுகளில் கொஸ்மிக் என்ற துணைப் புரதம் பழுதாகி இது நடக்கிறது. குறுகின சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் வந்து உட்கார்ந்தால், நிர்ப்பீடனக் கலங்களில் இருக்கிற சிக்லெக் என்ற வாங்கிகள் அதைப் பிடித்து, "இது நம்முடைய கலம்" என்று அடங்கிப்போகும். சில வேளை அடங்குவதோடு நிற்காமல் கட்டிக்கு உதவுகிற பக்கமே சாய்ந்துவிடும்.

மூன்றாவது, கலத்துக்கு உள்ளே இருக்கிற வால். மக்1இன் வால் 72 அமினோ அமிலம்தான், ஆனால் பீற்றா கற்றெனின் போன்ற, வளர்ச்சிச் செய்தி கடத்துகிற புரதங்களோடு அது சேர்கிறது. அதனால் "பெருகு, சாகாதே" என்ற கட்டளை உள்ளே தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். மக்4 இன்னொரு விதம், மார்பகப் புற்றில் நாங்கள் பார்க்கிற ஹெர்2 வாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தூண்டும், ஹெர்2க்குக் கொடுக்கிற மருந்து போய் ஒட்ட முடியாமலும் மறைக்கும். சாதாரண சதையியில் (கணையம்) மக்4ஐக் காண முடியாது, சதையிப் புற்றில் தாராளமாக இருக்கும்.

மக்16க்கு ஒரு தனி வேலை உண்டு. வயிற்றறையின் உட்சுவரில் மீசோதெலின் என்ற புரதம் இருக்கிறது. மக்16 அதோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். சூலகத்தில் இருந்து உதிர்ந்த கலங்கள் வயிற்று நீரில் மிதந்து போய்ச் சுவரில் ஒட்டி அங்கங்கே புதிய கட்டிகள் வைப்பதற்கு இந்தப் பிடியும் ஒரு காரணம். சூலகப் புற்று பிந்திக் கண்டுபிடிக்கப்படும்போது வயிறு முழுக்கப் பரவியிருப்பதைப் பார்த்து நொந்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மியூசின் கூடினதால் மட்டும் கான்சர் தொடங்குவதில்லை. தொடக்கம் மரபணுக்களில் ஏற்படும் பழுது. அந்தப் பழுது பட்ட கலம் மியூசினைத் தாறுமாறாகச் செய்கிறது, அப்படிச் செய்த மியூசின் திரும்பக் கலத்தின் வளர்ச்சிக்கும் பரவலுக்கும் ஒளிப்புக்கும் உதவுகிறது. மூக்குச் சளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மற்றது, மக்16ஐப் புற்றுக் கலம் மட்டும் செய்வதில்லை. நெஞ்சறை, இதயம், வயிற்றறை இவற்றைப் போர்த்தியிருக்கிற சவ்வுகளும் செய்கின்றன. அவை அழற்சியானால், நீர் கோர்த்தால், அதன் வெளித்துண்டு வெட்டுப்பட்டு இரத்தத்துக்குள் வரும். அதனால்தான் கருப்பைக் கட்டி, எண்டோமெற்றியோசிஸ், கர்ப்பம், ஈரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் சிஏ 125 ஏறுகிறது. 61 என்பதை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

மருதங்குளம் எழுதியது:

தம்பி காசநோயைச் சொன்னது நல்லது. வயிற்றில் நீரோடு வந்த ஓர் இளம் பெண்ணுக்கு இந்த எண் நூற்றுக்கணக்கில் இருந்தது, வீட்டார் அழுது முடித்துவிட்டார்கள். பயொப்சியில் காசநோய். மருந்து குடித்துச் சுகமாகி இப்போது பிள்ளை குட்டியோடு இருக்கிறா.

கடற்காற்று எழுதியது:

முல்லைத்தீவில் இருந்து எழுதுகிறேன். எல்லாம் சரி, ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அந்த லாப் பரிசோதனையையே குறைத்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அந்த பக்கேஜ் செய்திருக்காவிட்டால் பாலைமரம் இன்னும் இஞ்சிதான் அவித்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் நிபுணரிடம் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ்ஸில் போய் வரிசையில் நின்று திரும்ப இருட்டிவிடும். ஒரு ஊசியில் இரத்தம் எடுத்துச் சொல்ல முடியும் என்றால் ஏன் எல்லாப் பெண்களும் வருடத்துக்கு ஒருமுறை சிஏ 125, சிஏ 15-3, சிஏ 19-9 மூன்றையும் செய்யக் கூடாது? கொழும்பில் காசுள்ளவர்கள் செய்கிறார்கள். கூலி வேலை செய்கிற சனத்துக்குத்தான் எப்போதும் வேண்டாம் என்கிறீர்கள்.

நுணுக்குக்காட்டி எழுதியது:

கடற்காற்று, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தூரமும் கூலி இழப்பும் உண்மைதான். ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஏழை, பணக்காரர் என்பதல்ல. இதை ஆயிரக்கணக்கான பெண்களில் செய்து பார்த்துவிட்டார்கள்.

பிரித்தானியாவில் மாதவிடாய் நின்ற, 50 முதல் 74 வயதுப் பெண்கள் 2 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை 2001 தொடக்கம் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடாவருடம் சிஏ 125 பார்த்து அது எப்படி ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள், இன்னொரு பகுதிக்கு ஸ்கான், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. 2021இல் முடிவு வந்தது. சிஏ 125 பார்த்தவர்களில் நோய் கொஞ்சம் முந்திப் பிடிபட்டது, ஆனால் சூலகப் புற்றால் செத்தவர்களின் தொகை குறையவில்லை. அமெரிக்காவில் 78,000க்கு மேற்பட்ட பெண்களில் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது, அதிலும் இறப்பு குறையவில்லை. அதில் 3,285 பேருக்கு நோய் இல்லாமலே "சந்தேகம்" என்று வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு ஒப்பரேஷன் வரை போனது, அந்த 1,080 பேரில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. ஒரு நோயும் இல்லாத பெண்கள்!

மற்ற இரண்டும் அப்படித்தான். சிஏ 15-3 என்பது மக்1இன் உதிர்ந்த துண்டு. மார்பகப் புற்றின் ஆரம்ப நிலையில் அது பெரும்பாலும் சாதாரண அளவில்தான் இருக்கும். அப்படி ஒரு பெண்ணுக்கு "சரி" என்று ரிப்போர்ட் வந்தால், மார்பில் தடவுப்படுகிற கட்டியைக்கூடக் காட்டாமல் விட்டுவிடுவா. எனக்கு அதுதான் பெரிய பயம். சிஏ 19-9 மியூசின்களில் தொங்குகிற ஒரு வெல்லம். பித்தக் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே மேலே போய்விடும். அதோடு நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு அந்த வெல்லத்தைக் கட்டுகிற நொதியமே பிறப்பில் இல்லை, அவர்களுக்குச் சதையி முழுக்கப் புற்று இருந்தாலும் இந்த எண் ஏறாது.

இவை உதவாத பரிசோதனைகள் என்று நான் சொல்லவில்லை. நோய் உறுதியான பிறகு கீமோ வேலை செய்கிறதா, ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்ப வருகிறதா என்று தொடர்ந்து பார்க்க இவை மிகப் பெறுமதியானவை. அதற்கும் ஒரே லாப்பில், ஒரே கருவியில் செய்யுங்கோ. ஒரு கம்பனியின் கிற்றில் 40 வருவது இன்னொன்றில் 52 வரலாம், அதைப் பார்த்துவிட்டு நோய் திரும்பிவிட்டது என்று வீடு முழுக்க அழக்கூடாது.

மருதங்குளம் எழுதியது:

கடற்காற்றுத் தம்பி, அந்த பக்கேஜுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை, வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது சுகவனிதையர் கிளினிக். ஒரு சதமும் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டாலும், ஊருக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டாலும் நாள் சொல்லுவார்கள். மார்பைப் பரிசோதித்து, நீங்களே பார்க்கப் பழக்கி, கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்வார்கள். கருப்பைக் கழுத்தில் முன்கூட்டிப் பார்ப்பது உயிர் காக்கும், அதற்கு ஆதாரம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்களை 35 வயதில் ஒருக்கா, 45 வயதில் ஒருக்காக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. 10, 11 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கப் பள்ளிக்கூடத்தில் போடுகிற எச்பிவி தடுப்பூசியை வேண்டாம் என்று கையெழுத்து வைக்கிற பெற்றோர் இருந்தால், தயவுசெய்து அவர்களோடு கதையுங்கோ.

கடற்காற்று எழுதியது:

சுகவனிதையர் கிளினிக் கர்ப்பிணிகளுக்கு என்றுதான் நினைத்திருந்தேன் அக்கா. மனிசியிடம் சொல்கிறேன். லாப்காரர் இந்த மூன்றையும் பக்கேஜில் போட்டு விற்பதை யாரும் கேட்க மாட்டார்களா என்பது என்னுடைய கேள்வியாக அப்படியே நிற்கிறது.

நெற்கதிர் எழுதியது:

நான் துணுக்காய். அப்பா சின்ன வயதில் இருந்து வெற்றிலை போடுகிறவர், புகையிலையோடு. வயலில் இறங்கினால் மடியில் பை இருக்கும். இப்போது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, உறைப்பு பட்டால் எரிகிறது என்கிறார், வாயும் முந்தின மாதிரித் திறக்க வருவதில்லை. வாய்ப் புற்றிலும் இந்த மியூசின் இருக்கிறதா? அதற்கும் இரத்தத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

நெற்கதிர், இரத்தப் பரிசோதனை ஒன்றும் தேவையில்லை, இந்தக் கிழமையே அப்பாவைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. டோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாயைப் போல இலகுவாகக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் உடம்பில் வேறு இல்லை, அப்படி இருந்தும் இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுகளில் வாய்ப் புற்றுதான் முதலில் நிற்கிறது. எனக்கு இதை நினைத்தால் ஆறவே ஆறாது.

வாய் திறக்க வராமல் போவது பாக்கினால் வருகிற இறுக்கமாக இருக்கலாம். கன்னத்துத் தோலுக்குக் கீழே நார் படிந்து இறுகும், அது புற்றுக்கு முந்தின நிலைகளில் ஒன்று. புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மட்டும் போடுகிறேன் என்று சமாதானம் சொல்வார்கள், விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே பாக்கும் தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்துவிட்டது.

மியூசின் கேட்டீர்கள். உமிழ்நீரில் மக்5பி, மக்7 என்ற இரண்டு முக்கியமானவை, வாயின் தோலை ஈரமாக வைத்துக் காப்பவை அவைதான். கட்டியாக மாறின வாய்க் கலங்களில் மக்1 கூடுதலாகத் தெரிவதையும், அப்படித் தெரிகிறவர்களில் நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவுகிற போக்கையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அது ஆய்வுகூடத்தில் துண்டைச் சாயமிட்டுப் பார்க்கிற விஷயம். அப்பாவுக்கு இப்போது வேண்டியது டோர்ச்தான்.

உயிரியல்வாத்தி எழுதியது:

உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், இந்த இழையை அவர்களுக்கும் காட்டப் போகிறேன். ஒன்று கேட்க வேண்டும். மியூசின் என்றாலே கெட்டது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும் போல இருக்கிறது. குடலில் சீதப் படலம் இல்லாவிட்டால் பற்றீரியா நேரே கலத்தைத் தொடும் அல்லவா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

சேர், மிகச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பெருங்குடலில் மக்2 செய்கிற ஜெல் இரண்டு படையாக இருக்கும். வெளிப்படையில் பற்றீரியாக்கள் வாழும், கலத்தை ஒட்டின உட்படையில் ஏறத்தாழ ஒன்றுமே இருக்காது. 2002இல் மக்2 மரபணுவை நீக்கின எலிகளைப் பார்த்தார்கள், அவற்றுக்குக் குடலில் கட்டிகள் வந்தன, பெருங்குடலிலும் வந்தன. மக்2 இல்லாமல் போனதே நோயானது. இதே மக்2 இரைப்பையில் தோன்றினால் கதை வேறு, அங்கே அது இருக்கக் கூடாது. எலிக்கோபற்றர் பைலோரி என்ற கிருமி நெடுங்காலம் இருந்து இரைப்பையின் உட்தோல் குடல் தோல் மாதிரி மாறத் தொடங்கும்போதுதான் அங்கே மக்2 தெரியும், அது புற்றை நோக்கிய பாதையில் ஒரு படி. அந்தக் கிருமி இரைப்பையில் நிற்பதற்கும் மக்5ஏசியின் வெல்லங்களைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு, எந்த மியூசின், எந்த இடத்தில், எந்த வெல்லத்தோடு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழக்குங்கோ.

2014இல் வந்த ஒரு ஆய்வும் அவர்களுக்குப் பிடிக்கும். மத்தியூ பாசெக், வலெரி வீவர் குழுவினர், மக்1 போன்ற பருத்த மூலக்கூறுகள் கலமேற்பரப்பில் அடர்ந்து நின்றால், கலத்துக்கும் அதன் தரைக்கும் நடுவில் தள்ளி, பிடிப்புப் புரதங்களை அங்கங்கே கொத்தாகச் சேர்க்கின்றன, அந்தக் கொத்துகளில் இருந்தே வளர்ச்சிச் செய்தி போகிறது என்று காட்டினார்கள். இரசாயனம் மட்டுமல்ல, வெறும் பருமனும் தள்ளுவிசையும் கலத்தின் நடத்தையை மாற்றுகிறது. பௌதிகவியல் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

ஒட்டுசுட்டான்காரன் எழுதியது:

லண்டனில் இருந்து. அம்மம்மாவை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவன். மியூசினுக்கு எதிராகத் தடுப்பூசி வருகிறது என்று இங்கே ஒரு செய்தியில் பார்த்தேன். ஊரில் இருக்கிற சனத்துக்கு எப்போது கிடைக்கும்?

நுணுக்குக்காட்டி எழுதியது:

முயற்சிகள் நிறைய நடந்தன அண்ணா. உண்மையைச் சொன்னால் தோல்விகள்தான் கூட. மக்1ஐக் குறிவைத்த ஒரு தடுப்பூசி, ரெசெமோரைட் என்று பெயர், நுரையீரல் புற்றில் பெரிய அளவில் சோதித்து 2013இல் எதிர்பார்த்த பலன் இல்லை என்று வந்தது. சிஏ 125ஐக் குறிவைத்த அபகோவோமாப்பும் நோய் திரும்புவதைத் தள்ளிப்போடவில்லை. கட்டி பெரிதாகிவிட்ட ஒருவரின் நிர்ப்பீடனம் ஏற்கெனவே அடக்கப்பட்டிருக்கிறது, அதனால் புற்றுக்கு முந்தின நிலையிலேயே கொடுத்துப் பார்ப்போம் என்று பிற்ஸ்பேர்க்கில் ஒலிவேரா ஃபின் என்ற விஞ்ஞானி பெருங்குடல் முளைகள் இருந்தவர்களில் மக்1 தடுப்பூசி போட்டார். 39 பேரில் 17 பேருக்குத்தான் பிறபொருளெதிரி உருவானது. வழி சரி, கருவி இன்னும் கூர்மையாகவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை தருவது கரோலின் பேர்ட்டோசியின் குழு செய்வது. 2022இல் இரசாயனவியலுக்கு நோபல் பெற்றவர்களில் ஒருவர். மியூசினை வெட்டுகிற ஒரு நொதியத்தைப் பற்றீரியாவில் இருந்து எடுத்து, புற்றுக் கலத்தைத் தேடிப் போகிற ஒரு சின்னப் பிறபொருளெதிரியோடு ஒட்டி, அந்தக் கலத்தின் மியூசினை மட்டும் மழிக்கிறார்கள். மறைப்புப் போனால் நிர்ப்பீடனக் கலம் நெருங்கலாம். எலிகளில் கட்டி வளர்ச்சி குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் காலம் எடுக்கும், இதைக் காட்டி ஊரில் யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பாலைமரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் சொன்னேன், நான் நினைத்த அளவுக்கு உடையவில்லை, உடனே சேலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டா. கிளிநொச்சியில் ஸ்கான் செய்தார்கள். வலது சூலகத்தில் நீர்க்கட்டி, உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது, திண்மமான பகுதி இல்லை, வயிற்றில் நீர் இல்லை என்று எழுதியிருக்கிறது. டொக்டர் ஏதோ ஒரு கணக்குப் பார்த்து 183 என்று எழுதி, யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தார். 61 எப்படி 183 ஆனது?

நுணுக்குக்காட்டி எழுதியது:

டொக்டர் நல்ல வேலை செய்திருக்கிறார். அது 1990இல் இருந்து பாவிக்கிற ஆபத்துச் சுட்டி. மூன்று எண்களைப் பெருக்குவார்கள். சிஏ 125 எவ்வளவோ அது ஒன்று. மாதவிடாய் நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. ஸ்கானில் பல அறைகள், திண்மப் பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்று நீர், பரவல் என்ற ஐந்தில் ஒன்று இருந்தால் 1, இரண்டோ கூடவோ இருந்தால் 3, ஒன்றும் இல்லாவிட்டால் 0. அம்மாவுக்கு 61 பெருக்கல் 3 பெருக்கல் 1, அதுதான் 183. பெரும்பாலும் 200ஐ எல்லையாக எடுப்பார்கள், சில இடங்களில் 250. எல்லைக்குக் கீழே, ஆனால் கிட்ட நிற்கிறது. அதனால் யாழ்ப்பாணத்துக்குப் போவது அவசியம்தான், திகதியைத் தவறவிடாதீர்கள். இதே 61 முப்பது வயதுப் பெண்ணுக்கு, சுத்தமான ஸ்கானோடு வந்திருந்தால் கணக்கு பூச்சியமாகியிருக்கும். மியூசின் எண்ணுக்குத் தனியாக நிற்கக் கால் இல்லை என்று மேலே நான் எழுதினதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

கட்டியை ஊசியால் குத்தி நீர் எடுத்துப் பார்ப்போம் என்று வெளியில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவேளை அது புற்றாக இருந்தால் கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தும், மக்16 மீசோதெலினைப் பிடிக்கிற கதை அங்கேதான் தொடங்கும். முழுதாக, உடையாமல் எடுப்பதைத்தான் நிபுணர்கள் விரும்புவார்கள்.

பாலைமரம் எழுதியது:

இன்னும் ஒன்று. அம்மாவுக்கு 2009இல் பட்ட ஷெல் துண்டு இடுப்புக்குக் கிட்ட இன்னும் உள்ளே இருக்கிறது. அதனால்தான் கட்டி வந்ததோ என்று கேட்கிறா. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

மருதங்குளம் எழுதியது:

பிள்ளை, சூலகக் கட்டிக்கு அந்தத் துண்டு காரணம் என்று அம்மா தன்னை வருத்திக்கொள்ள வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் எம்ஆர்ஐ அறைக்குள் போவதற்கு முதல் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம், சூடாகலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் பழகிப்போய் அதைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள், படிவத்தில் "உலோகம் உண்டா" என்று கேட்டால் தோட்டைக் கழற்றிவிட்டு இல்லை என்று போட்டுவிடுவார்கள். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். சிடி ஸ்கானுக்கு அந்தத் தடை இல்லை, படத்தில் அந்த இடம் கொஞ்சம் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். சூலகத்துக்குப் பரவலைப் பார்க்கப் பெரும்பாலும் சிடிதான் எடுப்பார்கள்.

காயப்பட்ட நேரத்து நோயறிதல் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கோ, இல்லாவிட்டால் ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட் ஃபைலின் முதல் பக்கத்தில் குத்திவிடுங்கோ. சிடிக்கு மருந்து ஏற்றுவார்கள், அதற்கு முதல் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின் பார்க்க வேண்டும். அந்த இரத்தத்தைக் கிளிநொச்சியிலேயே கொடுத்து ரிப்போர்ட்டோடு போனால் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் மிச்சம்.